பட்டியலில் விட்டுப்போனவர்கள்

எங்கள் நாஞ்சில் நாட்டில் சித்தம் கலங்கியவர்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு ஊர்களின் பெயர்கள் அடிபடும். பாட்டிமார் 'ஊளம்பாறை' என்பார்கள். பேரன்மார் 'கீழ்ப்பாக்கம்' என்பார்கள். ஒருவன் கொஞ்சம் ஏறுமாறாகப் பேசிவிட்டால் போதும், "இவனை ஊளம்பாறைக்குத்தான் அனுப்பணும்" என்று திண்ணையில் ஒரு சிரிப்பு எழும்.

ஊளம்பாறை திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அங்குள்ள மனநோய் ஆஸ்பத்திரி 1870-இல் தோன்றியது. நாங்கள் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகளாக இருந்த காலத்தில் எங்கள் நோயாளிகளுக்கு அதுதான் கதி. 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி ஜில்லாவாகிச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. வெகுகாலம் போராடிப் பெற்ற பலன் அது. அதோடு, ஒருவரும் கேட்காமலே, எங்களுக்கு ஒரு புதிய ஆஸ்பத்திரியும் கிடைத்தது. நாகர்கோவிலிலிருந்து 40 மைலுக்கு அப்பால் இருந்த ஊளம்பாறை அயல் ராஜ்யமாயிற்று. 400 மைலுக்கும் அப்பால் இருந்த கீழ்ப்பாக்கம் சொந்தமாயிற்று.

எல்லை நகர்ந்தபோது நெல் யாருக்கு, அணை யாருக்கு, மலை யாருக்கு என்றெல்லாம் பேசினார்கள். புத்தி பேதலித்தவர்கள் யாருக்கு என்று யாரும் கேட்டதாக நான் படித்ததில்லை. நல்ல வேளையாக நடுவில் முள்வேலி இல்லை, பஸ் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஜனங்கள் பழைய வழக்கப்படி திருவனந்தபுரத்துக்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டுவிட்டவன் நான். வைத்திய சாஸ்திரம் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் ஊரே கலங்கிப்போகிற காலங்களில், முன்பே கலங்கிப்போனவர்களின் கதி என்ன ஆகிறது என்று சில வருஷங்களாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. சொல்ல வெட்கமாக இருப்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் எல்லைக்கோட்டின் கதை.

ஸாதத் ஹஸன் மண்டோ உருதுவில் எழுதிய 'டோபா டேக் சிங்' என்ற சிறுகதை 1955-இல் வெளிவந்தது. தேசப் பிரிவினைக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்களை மத வாரியாகப் பரிமாறிக்கொள்கின்றன. தன்னுடைய ஊர் எந்த தேசத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கேட்டு விடை கிடைக்காத ஒரு சீக்கியக் கிழவன் இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத மண்ணில் விழுந்து கிடக்கிறான். இவ்வளவுதான் கதை. இளவயதில் படித்தபோது, என்ன அபாரமான கற்பனை என்று வியந்தேன். எழுதுகிறவன் என்ற முறையில் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன்.

அதில் பாதிதான் கற்பனை. பரிமாற்றம் நிஜமாகவே நடந்தது. 1950 டிசம்பரில் லாகூர் மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து ஏறக்குறைய 450 ஹிந்து, சீக்கிய நோயாளிகள் அமிர்தசரஸுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இந்திய ஆஸ்பத்திரிகளிலிருந்து 200-க்கு மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகள் அந்தப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். தேசம் பிரிந்தது 1947 ஆகஸ்டில். கஜானாவும், ரயில் பெட்டிகளும், காரியாலயங்களின் மேஜை நாற்காலிகளும் பங்கு போடப்பட்டன. இவர்களுடைய முறை வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. முறை வந்தபோதும் யாரும் இவர்களைக் கேட்கவில்லை. இவர்களுடைய சொந்தக்காரர்கள் அதற்குள் ஊரை விட்டு ஓடி, எந்த முகாமில், எந்த நகரத்தில் இருக்கிறார்களோ! லாகூரில் இருந்தவரை, தேடி வருகிறவர்களுக்கு ஒரு விலாசமாவது இருந்தது.

இந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. மண்டோவைத் தெரிந்த நம்மில் அநேகருக்கு அது தெரியாது. 1950-களில் அமிர்தசரஸ் ஆஸ்பத்திரிக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் வித்யாசாகர். அவரிடம் இருந்த கட்டில்கள் கொஞ்சம். வருகிற நோயாளிகள் ஏராளம். அவர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரங்கள் போட்டார். நோயாளிகளை அவர்களுடைய சொந்தக்காரர்களோடு அந்தக் கூடாரங்களில் தங்கச் செய்தார். அதுவரை, கொண்டுவந்து விட்டவர்கள் வாசலோடு திரும்பிப் போவதுதான் வழக்கம். அப்படிப் போனவர்களில் பாதிப் பேர் மறுபடி வரமாட்டார்கள். கூடாரத்தில் தாயும் தமையனும் பக்கத்திலேயே இருந்து சோறு ஊட்டினார்கள். வைத்தியம் நடப்பதைப் பார்த்தார்கள். இது சாபமோ பேயோ அல்ல, நோய்தான் என்று தெரிந்துகொண்டார்கள். குணமானவரைத் தாங்களே வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பிறகு நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநோய்ப் பிரிவிலும் குடும்பத்தோடு தங்கி வைத்தியம் பெறும் முறை நிலைபெற்றது. நெருக்கடியிலிருந்தும் ஒரு நல்ல வழி பிறக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். இடம் இல்லாத காரணத்தால் ஒரு மனிதர் கூடாரம் போட்டார். நோயாளிக்குத் துணை கிடைத்துவிட்டது.

அடுத்தது பசியின் கதை. அதற்குக் கொஞ்சம் தூரம் போகவேண்டும்.

இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மனி பிரான்ஸைப் பிடித்துக்கொண்டபோது அங்கே எல்லோருக்கும் ரேஷன். ஊரில் இருந்தவர்கள் ரேஷனோடு கள்ளச் சந்தையையும், கிராமத்து மாமன் மைத்துனன்மாரையும் நம்பிக் காலம் தள்ளினார்கள். மனநோய் ஆஸ்பத்திரிகளில் அடைபட்டிருந்தவர்களுக்கு ரேஷனைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. 1940-க்கும் 1944-க்கும் இடையில் அந்த ஆஸ்பத்திரிகளில் பட்டினியாலும், பட்டினி கொண்டுவந்த நோய்களாலும் மாண்டவர்கள் ஏறக்குறைய 45,000 பேர் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். புகழ்பெற்ற சிற்பி காமீல் க்ளோடெல் அம்மையார் 1913 முதல் முப்பது வருஷம் அடைபட்டுக் கிடந்து, 1943-இல் அப்படி ஓர் ஆஸ்பத்திரியில்தான் உயிர் விட்டார்.

இவர்களைக் கொல்லவேண்டும் என்று அங்கே யாரும் உத்தரவு போடவில்லை. ஜெர்மனியில் ஹிட்லர் சர்க்கார் உத்தரவு போட்டே கொன்றது; அது வேறு பாபம். பிரான்ஸில் நடந்தது மறதி. உணவுக்குக் கணக்குப் போட்டவர்கள், வெளியே போய் ஒரு முட்டைகூட வாங்க முடியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டார்கள். டாக்டர்கள் சிலர் விடாமல் முறையிட்டார்கள். 1942-ஆம் வருஷக் கடைசியில் இந்த நோயாளிகளுக்குக் கொஞ்சம் அதிக ரேஷன் கொடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தது. அதற்குப் பிறகு சாவு குறைந்தது. ஒரு காகிதம், அதில் சில வரிகள். அதற்குள் எத்தனையோ ஆயிரம் பேர் போய்விட்டார்கள்.

அதே காலத்தில் ஸேன் அல்பான் என்ற மலைக் கிராமத்து ஆஸ்பத்திரி வேறு மாதிரி நடந்துகொண்டது. ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் தோற்று அகதியாக வந்த தோஸ்கெயஸ் என்ற டாக்டர் அங்கே இருந்தார். கதவுகளைத் திறந்துவிட்டார்கள். நோயாளிகளும் தாதிகளும் சேர்ந்து சுற்றுவட்டாரப் பண்ணைகளில் வேலை செய்து உணவு கொண்டுவந்தார்கள். காட்டில் காளான் பொறுக்கினார்கள். மற்ற இடங்களில் கொத்துக் கொத்தாக மாண்டபோது அங்கே பட்டினிச் சாவு அநேகமாக இல்லை. பைத்தியம் என்று பூட்டி வைத்தவர்கள் பூட்டைத் திறந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு உணவு தேடப் போனார்கள் என்பதை நாம் யோசித்துப் பார்க்கவேண்டும்.

பிரான்ஸ் தூரத்தில் இருக்கிறது, யுத்தமும் பழங்கதை. தீயின் கதை நம் வாசலில் நடந்தது.

2001-ஆம் வருஷம் ஆகஸ்ட் 6-ஆம் தேதி, பொழுது விடிவதற்கு முன், ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. ஏர்வாடி தர்காவுக்கு ஜாதி மத வித்தியாசமில்லாமல் தென்னாட்டு ஜனங்கள் நோயாளிகளைக் கொண்டுபோவது வெகுநாளைய வழக்கம். குணசீலத்துப் பெருமாள் கோயிலுக்கும், புளியம்பட்டி அந்தோனியார் கோயிலுக்கும் கொண்டுபோவது போலத்தான். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி 400 மைலுக்கு அப்பால் இருந்தால், பக்கத்தில் இருக்கிற தெய்வத்திடம்தான் தாய் போவாள். அந்த நம்பிக்கையைச் சுற்றி விடுதிகள் முளைத்தன. மாசாமாசம் பணம் அனுப்பினால் பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொள்வது என்றால் காலில் சங்கிலி.

அந்தக் கொட்டகையில் 40-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். தீ எல்லோருக்கும் பொதுதான். ஓடத் தெரிந்தவன் ஓடுவான். இவர்களுக்கும் ஓடத் தெரிந்திருந்தது; சங்கிலி விடவில்லை. தீ வந்தால் பூட்டை யார் திறப்பது, சாவி யாரிடம் இருக்கும் என்று, கட்டிப்போட்ட நாளன்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த விடுதிகளை எல்லாம் சர்க்கார் மூடியது. 500-க்கு மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. சுப்ரீம் கோர்ட் பத்திரிகைச் செய்திகளைக் கண்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் வருஷத்து மனநல மருத்துவச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தீர்மானமாகச் சொல்கிறது. 2018 மே மாதம் அது அமலுக்கு வந்தது. தீக்கும் சட்டத்துக்கும் நடுவே ஏறக்குறைய 17 வருஷம்.

இனித் தண்ணீர்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்து எழுந்த அலை, அந்தத் தீவின் ஆச்சே மாகாணத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை விழுங்கியது. அதே அலை இலங்கையைத் தாக்கி, நாகப்பட்டினத்தைத் தாக்கி, குமரி முனையைச் சுற்றி எங்கள் கரைக்கும் வந்தது.

ஆச்சேயில் நடந்ததை முதலில் சொல்கிறேன். 40 லட்சம் ஜனங்கள் உள்ள அந்த மாகாணத்துக்கு இருந்த மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றே ஒன்று. வீட்டில் அடங்காதவர்களை மரக்கட்டையில் துளை போட்டு அதில் காலை மாட்டி வைப்பது அங்கே வழக்கம். 1977-இலேயே இந்தோனேஷிய சர்க்கார் அதைத் தடை செய்திருந்தும் வழக்கம் போகவில்லை. பேரலைக்குப் பிறகு உலகம் முழுவதிலுமிருந்து உதவி வந்தது. அதில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டார்கள். கிராமத்துச் சுகாதார நிலையங்களில் இருந்த தாதிமார்களுக்கு மனநோயைப் பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போனபோது, அலைக்கு முன்பே கட்டையில் கிடந்தவர்கள் கண்ணில் பட்டார்கள். 2010-இல் கட்டைகளை அடியோடு ஒழிப்பது என்று மாகாணமே ஒரு திட்டம் போட்டது. இலங்கையில் பேரலைக்கு முன் 10 மாவட்டங்களில் மட்டும் இருந்த மனநல வைத்திய வசதி, சில வருஷங்களில் 20 மாவட்டங்களுக்குப் பரவியது.

இந்த அநுபவங்கள் வீணாகவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் கிளை ஸ்தாபனங்களும் பெரிய தொண்டு ஸ்தாபனங்களும் கூடி 2007-இல் ஒரு நெறிமுறை வகுத்தார்கள். ஆபத்துக் காலத்தில் மனநலத்தை எப்படிக் காப்பது என்பது விஷயம். அதில் ஒரு பகுதி, கடுமையான மனநோய் முன்பே உள்ளவர்களைப் பற்றியது. இன்னொன்று, விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் அடைபட்டிருப்பவர்களைப் பற்றியது. சாதாரணக் காலத்தில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கும் கடுமையான மனநோய், பெரும் ஆபத்துக்குப் பிறகு மூன்று நான்காகலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். வீட்டை இழந்து அழுகிறவர்கள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். துணையும் ஆகாரமும் போதும். முன்பே நோயுள்ளவனுக்கு அது போதாது. மாத்திரை நின்றால் முதலில் தூக்கம் போகும். பிறகு பழைய குரல்கள் திரும்பிவரும். ஆகவே மருந்துப் பெட்டியில் காய்ச்சல் மாத்திரையோடு இந்த மாத்திரைகளும் இருக்கட்டும் என்கிறார்கள். காவலர்களும் தாதிகளும் ஓடிவிட்ட ஆஸ்பத்திரிக்கு யாராவது போய், உள்ளே இருப்பவர்களுக்கு உணவும் தண்ணீரும் உண்டா என்று பார்க்கட்டும் என்கிறார்கள். படித்தபோது, இதைச் சொல்லவுமா ஒரு புத்தகம் வேண்டும் என்று தோன்றியது. அடுத்த கணம் என் ஞாபகம் வந்து வாயை அடைத்தது.

அலை அடித்தபோது எனக்கு இருபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் ஜில்லாவில் மட்டும் ஏறக்குறைய 800 பேர் மாண்டார்கள். கொட்டில்பாட்டில் முன்னால் கடல், பின்னால் ஏ.வி.எம். கால்வாய், ஓடியவர்களுக்கு வழி இல்லை. மணக்குடியில் இரண்டு கரையையும் இணைத்திருந்த பாலத்தை அலை பெயர்த்து எறிந்தது. மூன்றாம் நாள் நண்பர்களோடு ஒரு பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போனேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லிப் பட்டியல் எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். தாளில் கோடு போட்டிருந்தார்கள். பெயர், எத்தனை பேர், மாண்டவர், இழந்தவை, தேவை.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு அம்மாள் வந்தாள். அவள் பின்னால், வகுப்பறைக் கதவின் மறைவில், முப்பது வயது மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான்.

"மக்களே, எனக்குச் சீலையும் வேண்டாம், சட்டியும் வேண்டாம். இவனுக்க மாத்திரையை மட்டும் எப்பிடியாவது வாங்கித் தா."

"என்ன மாத்திரை அம்மா?"

"வெள்ளையில சின்னது ஒண்ணு, மஞ்சளில பெரிசு ஒண்ணு. திருவந்தரத்தில குடுத்தது. சீட்டையும் கடலு கொண்டு போச்சு. அதத் தின்னா அவன் நல்லா இருப்பான் மக்களே. வலை பின்னுவான்."

நான் தாளைப் பார்த்தேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "நாளைக்கு டாக்டர் வருவார், சொல்லுங்க" என்றேன். தேவை என்ற கோட்டுக்குக் கீழே, 'போர்வை 2' என்று அழகாக எழுதினேன்.

மறுநாள் என்னை வேறு முகாமுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பிவந்து விசாரித்தேன். அவன் இரண்டு ராத்திரி தூங்காமல் கத்தினானாம். மூன்றாம் ராத்திரி எழுந்து கடலைப் பார்க்க நடந்தானாம். குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று மற்றவர்கள் முறையிட்டார்களாம். சொந்தக்காரர்கள் சிலர் வந்து, கையைக் கட்டி, ஜீப்பில் ஏற்றி, வேண்டுதலுக்கு எங்கேயோ கொண்டுபோனார்களாம். தாயும் கூடவே போனாளாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஏர்வாடி எரிந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

முகாமில் எல்லோரும் நல்லவர்கள். ராத்திரி பகல் பாராமல் உழைத்தவர்கள். கஞ்சி இருந்தது, துணி இருந்தது, தடுப்பூசி இருந்தது. அவனைக் கடல் கொல்லவில்லை. பிழைத்து வந்தவன் அவன். என் கையில் பேனா இருந்தது. தாளின் ஓரத்தில் இன்னும் ஒரு கோடு போட இடமும் இருந்தது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. கடலுக்குப் போன எங்கள் கரை மீனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. உள்நாட்டில் ரப்பரும் வாழையும் சாய்ந்து, பல நாள் மின்சாரம் இல்லை. நான் மறுபடியும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒரு கடற்கரை ஊருக்குப் போனேன். இந்தத் தடவை கோடுகளை நானே போட்டேன். கடைசிக் கோட்டின் தலைப்பில், 'வீட்டில் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் உண்டா, என்ன மாத்திரை?' என்று எழுதிக்கொண்டேன்.

சர்க்கரை என்றார்கள், ரத்தக்கொதிப்பு என்றார்கள். மூன்று வீடுகளில் மட்டும் உடனே பதில் வரவில்லை. அக்கம்பக்கத்தார் நகரும்வரை காத்திருந்தார்கள். பிறகு கொஞ்சம் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு பெயரைச் சொன்னார்கள். மூன்று பெயர்களையும் எழுதிக்கொண்டேன்.